நாலரை சென்டிமீட்டர்

14 ஆகஸ்ட் 2024

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டுவிட்டால் சிவகாசியில் அப்புறம் யாரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை. தினசரி காலண்டருக்கு 365 தாளையும் பக்கம் கட்டுவது என் வேலை. ராகுகாலம், எமகண்டம், ராசிபலன், எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகிறது. பன்னிரண்டு மணி நேர நாற்காலி.

மூன்று நாளாக ஆசனவாய்க்குப் பக்கத்தில், இடப்புறம் கொஞ்சம் பின்னால் தள்ளி ஒரு வீக்கம். முந்தாநாள் கடலைப் பருப்பு அளவு. இன்று கொட்டைப்பாக்கு. மெடிக்கலில் “மூலத்துக்கு ஒரு களிம்பு” என்று கேட்டு வாங்கினேன். கேட்பதற்கு முன் கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பத்து நிமிடம் எதிரே டீக்கடையில் நின்றேன்.

அம்மா, “சூடுய்யா, வேற ஒண்ணுமில்ல” என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டாள். துத்திக்கீரையும் வதக்கிக் கொடுத்தாள்.

17 ஆகஸ்ட்

நேற்று ராத்திரி காய்ச்சல் 102. உட்காரவும் முடியவில்லை, மல்லாக்கப் படுக்கவும் முடியவில்லை. விண்விண் என்று தெறிக்கிறது. காலையில் மனைவி ஆட்டோ பிடித்துவிட்டாள்.

சர்ஜன் பார்த்த ஒரு நிமிடத்தில் சொன்னார்: “இது மூலம் இல்ல. சீழ்க்கட்டி. இன்னைக்கே திறந்து விடணும்.” மாத்திரையில் கரையாதா என்று கேட்டேன். உள்ளே சீழ் தேங்கிவிட்டால் அதற்கு வழி விட வேண்டும், ஆன்டிபயாடிக் மட்டும் போதாது என்றார். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ கிடப்பது மாதிரி இருந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மரத்தது தெளிந்தபோது காயம் வலித்தது, ஆனால் அந்தத் தெறிப்பு போயிருந்தது. ஐந்து நாளுக்கு அப்புறம் தூங்கினேன்.

மாலை ரவுண்ட்ஸில் விளக்கினார். ஆசனவாய்க்கு உள்ளே சுற்றிவரச் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துக்கொண்டு சீழ் வைத்தால் இப்படி வெளியே கட்டியாக வரும். மூலம் என்பது வேறு, அது ரத்தக் குழாய் மெத்தைகள் வீங்கி இறங்குவது. வெடிப்பு வேறு, இறுகிய மலம் தோலைக் கிழித்துவிடுவது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். கட்டி திறந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது அது பவுத்திரமாக, அதாவது ஆறாத குழாய்ப் புண்ணாக, மாறும், சில கணக்கில் பாதிப்பேருக்கு.

அந்தச் சொல்லை நான் ஒரு நூறு தடவையாவது அடித்திருப்பேன். “மூலம், பவுத்திரம் – கத்தியின்றி, ரத்தமின்றி.” பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒட்டும் நோட்டீஸ். “பவுத்திரமா, பௌத்திரமா?” என்று முதலாளியிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். “எப்படிப் போட்டாலும் வர்றவன் வருவான்” என்றார். அது என்ன நோய் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

25 ஆகஸ்ட்

வீட்டில் பிளாஸ்டிக் பேசினில் இளஞ்சூடான தண்ணீர், அதில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்ததும் ஒன்று, மத்தியானம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. டெட்டால் ஊற்றட்டுமா என்றாள் மனைவி. வெறும் தண்ணீரே போதும், டெட்டால் எரிச்சலைத்தான் கூட்டும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். ராத்திரி இசப்கோல் இரண்டு ஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணீரோடு. கலக்கியதும் குடித்துவிட வேண்டும், செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பசையாகிவிடுகிறது.

காயத்தில் கசிவு இருப்பதால் பேட் வைக்கச் சொன்னார்கள். மெடிக்கல்காரர் அதைப் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, எதையோ கடத்துவது மாதிரி நீட்டினார். உள்ளாடையில் எப்படி ஒட்டுவது என்று தெரியாமல் விழித்தேன். மனைவி சிரித்தாள். “பதினாலு வயசுல இருந்து நாங்க வைக்கிறோம். உங்களுக்கு ஒரு வாரத்துக்கே இம்புட்டு வெக்கமா?”

8 செப்டம்பர்

காயம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். ஊசித் துளை மாதிரி ஒன்று மட்டும் மூடவில்லை. இரண்டு நாள் மூடுகிறது, வலிக்கிறது, திறந்து ஒரு சொட்டு சீழ் வருகிறது, வலி போய்விடுகிறது. திரும்ப மூடுகிறது.

பவுத்திரம்தான்.

21 செப்டம்பர்

மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கடிகாரக் கணக்கில் பேசினார். மல்லாக்கப் படுத்துக் காலைத் தூக்கிய நிலையில் முன்பக்கம் 12 மணி, பின்பக்கம் 6 மணி. எனக்கு வெளித்துளை 5 மணியில், உள்துளை 6 மணியில். நடுவே ஒரு குழாய்ப் பாதை, நாலரை சென்டிமீட்டர்.

ஆசனவாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள். உள்வளையம் நம் பேச்சைக் கேட்காது, தானாக இறுகியிருக்கும். வெளிவளையத்தை நாம் இறுக்கலாம். என் பாதை உள்வளையத்தைத் தாண்டி, வெளிவளையத்தின் கீழ்ப்பகுதியையும் துளைத்துக்கொண்டு போகிறது. தோலுக்கு அடியில் மட்டும் போயிருந்தால் வாய்க்காலைத் திறந்துவிடுவது மாதிரி கீறித் திறந்துவிடலாம். தசையை நிறைய வெட்டினால் காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமல் போகலாம். பாதை வழியாக நூல் கோத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்பது, தசைகளுக்கு நடுவே புகுந்து பாதையைக் கட்டி மூடுவது, லேசர் என்று மூன்று நான்கு வழி சொன்னார். எதுவும் திரும்ப வராது என்று சத்தியம் பண்ண முடியாது என்பதையும் சொன்னார். அதனாலேயே அவரை நம்பினேன்.

சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. காசநோயாலும் இப்படி வரும் என்று சோதனைக்கு அனுப்பினார்கள், அதுவும் இல்லை.

மாமனார் சித்த வைத்தியத்தில் காரநூல் போடச் சொல்கிறார். தயங்கித் தயங்கித்தான் சர்ஜனிடம் கேட்டேன், கோபப்படுவார் என்று. “அதுவும் நூல் கோக்கிற வைத்தியம்தான். போங்க. ஆனா படிச்சுப் பட்டம் வாங்கினவங்ககிட்ட போங்க, இந்த எம்.ஆர்.ஐ.யையும் எடுத்துட்டுப் போங்க. நோட்டீஸ் ஒட்டுறவங்ககிட்ட ஊசி போட்டுக்காதீங்க.”

நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது நான்தான் என்று சொல்லவில்லை.

3 அக்டோபர்

சித்த மருத்துவமனையில் முதல் நூல். லினன் நூலில் கள்ளிப்பால் தடவிக் காயவைத்து, அப்புறம் கள்ளிப்பாலோடு நாயுருவிச் சாம்பலில் எடுத்த உப்பு, கடைசியில் மஞ்சள்தூள், மொத்தம் 21 பூச்சு. கையில் வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் படிந்த, விறைப்பான நூல், பைண்டிங் செக்‌ஷனில் புத்தகம் தைக்கிற நூலைவிடக் கொஞ்சம் தடிமன்.

வெளித்துளையில் சலாகை என்ற மெல்லிய கம்பியை விட்டு உள்துளை வழியாக எடுத்து, நூலைக் கோத்து வெளியே முடிச்சுப் போட்டார்கள். அந்தக் காரம் பாதையை அரித்து அறுக்கும், பின்னாலேயே சதை ஆறிக்கொண்டு வரும். பழங்கால வைத்தியர் சுஸ்ருதர் காலத்திலேயே சொன்ன முறை, நடுவில் வழக்கொழிந்து 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மறுபடி எடுத்தார்கள் என்றார் டாக்டர் அம்மா. அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வு 1991இல் வெளியானதாம். காரநூலில் ஆற நாள் அதிகமாகிறது, திரும்ப வருவது குறைகிறது. “அவசரக்காரங்களுக்கு இது சரிப்படாது” என்றார்.

ஊசி மரப்பு தெளிந்ததும் தெரிந்தது காரம் என்றால் என்ன என்று. பச்சை மிளகாய் நறுக்கிய கையை இடுக்கில் வைத்த மாதிரி. வெந்நீர்ப் பேசினில் உட்கார்ந்தால்தான் அடங்கியது.

10 அக்டோபர்

வாராவாரம் வியாழக்கிழமை நூல் மாற்ற வேண்டும். பழைய நூலின் முனையில் புது நூலைக் கட்டி இழுக்கிறார்கள், பழையது வெளியே வர, புதியது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊசியில் நூல் தீர்ந்தால் அம்மா செய்வது இதேதான். இழுக்கிற மூன்று விநாடி மட்டும் சுவரில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிக்கிறேன்.

வெளியே வந்த நூலை ஸ்கேலில் வைத்து அளந்தார் டாக்டர் அம்மா. 3.9 சென்டிமீட்டர், நாலரையில் மிச்சம்.

பிரஸ்ஸில் காலண்டர் அட்டைக் கட்டுகளை மேஜைமேல் அடுக்கி, அதன்மேல் மானிட்டரை ஏற்றி நின்றுகொண்டே அடிக்கிறேன். “என்ன அண்ணாச்சி, முதுகா?” என்றான் பைண்டிங் பையன். ஆமாம் என்றேன். துலாம் ராசிக்கு இன்று அடித்த பலன்: “உடல் நலம் மேம்படும்.” என் ராசி துலாம்தான்.

30 அக்டோபர்

நாளை தீபாவளி என்பதால் ஒரு நாள் முன்பே போய்விட்டேன். 3.9, 3.2, 2.6, இன்று 2.1. காலண்டர் தாள் கிழிவதைவிட இதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் முறுக்கு, அதிரசம். எனக்குப் பப்பாளி. விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அக்கா வந்திருந்தாள். ஏன் உட்காராமல் நிற்கிறாய் என்றாள். முதுகு என்றேன்.

18 நவம்பர்

செல்போனில் எதையோ தேடப்போய் இது கிடைத்தது. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கும் பவுத்திரம். 1686இல் இதே நவம்பர் 18ஆம் தேதி வெர்சாய் அரண்மனையில் ஃபெலிக்ஸ் என்ற சர்ஜன் கீறித் திறந்தார். மயக்க மருந்து எல்லாம் கிடையாது. அதற்கு முன்பு பல மாதம் ஏழைகள் மேல் செய்து பழகிக்கொண்டாராம். (அவர்கள் பெயரை யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.) ராஜா பிழைத்துக்கொண்டதும், அரண்மனையில் சிலர் நோயே இல்லாமல் அவர் மாதிரி பின்னால் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார்களாம்.

அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “எனக்கு எட்டு வருசமா ரத்தம் போகுதுடா” என்றாள். அத்தானுக்கே தெரியாதாம். மூலம் என்று அவளே முடிவுகட்டி வைத்திருக்கிறாள். ரத்தம் போனால் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துத்தான் என்னவென்று சொல்ல முடியும், புற்றாகவும் இருக்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. “வியாழக்கிழமை நான் போகும்போது கூட வா, சர்ஜன்கிட்டயும் காட்டிடுவோம்” என்று மட்டும் சொன்னேன்.

20 நவம்பர்

போன வாரம் 0.9. இன்று காலை பேசினில் உட்கார்ந்திருக்கும்போது மஞ்சள் நூல் முடிச்சோடு தண்ணீரில் மிதந்தது. கழுவித் துடைத்துப் பேப்பரில் மடித்து வைத்திருக்கிறேன், டாக்டர் அம்மாவிடம் காட்ட.

21 நவம்பர்

பாதை முழுக்க அறுபட்டுவிட்டது, மேல்காயம் மட்டும் ஆற வேண்டும், இன்னும் மூன்று நான்கு வாரம். காற்றை அடக்க முடிகிறதா என்று கேட்டார். முடிகிறது.

அக்காவை சர்ஜன் பார்த்தார். மூலம்தான், இரண்டாம் நிலை. ரப்பர் பாண்ட் போட்டால் போதுமாம். ஆனால் வயது 52, ரத்தமும் போகிறது என்பதால் பெருங்குடலையும் குழாய் விட்டுப் பார்த்துவிடுவோம் என்று அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் அக்கா என்னிடம், “நீ ஏன்டா முதுகுன்னு சொன்ன?” என்றாள். “நீ என்ன சொன்ன?” என்றேன். அவள் சொன்னது ரத்தசோகை.

19 டிசம்பர்

காயம் மூடிவிட்டது. அழுத்திப் பார்த்தார், கசிவு இல்லை. மூன்று மாதம் கழித்து ஒருமுறை வரச் சொன்னார். இசப்கோல் தொடரும். அக்காவுக்குக் குடல் சுத்தமாக இருக்கிறது. பாண்ட் போட்டாயிற்று.

சாயங்காலம் பிரஸ்ஸுக்கு நோட்டீஸ் ஆர்டர் வந்தது. “மூலம், பவுத்திரம், ஒரே ஊசியில் குணம்.” டாக்டர் பெயருக்குக் கீழே என்ன பட்டம் போடணும் என்று கேட்டேன். “அதெல்லாம் வேணாம், செல் நம்பரைப் பெருசாப் போடுங்க” என்றார் கொண்டுவந்தவர். இது என்னால் முடியாது என்று முதலாளியிடம் சொன்னேன். ஏன், முதுகா என்றார். இல்லை, பவுத்திரம் என்றேன்.