சென்னை–யாழ்ப்பாணம்: தூரம் பாதி, நேரம் அதே

சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் சுமார் 645 கி.மீ.; யாழ்ப்பாணம் பலாலி 355 கி.மீ. "பாதி தூரம்தானே சார், முக்கால் மணியில இறக்கி விட்ருவான்" என்று பயண முகவர் சொன்னதை நம்பி, திரும்பும் நாளில் இரண்டு மணி நேர இடைவெளியில் கோவை விமானத்தைப் போட்டதுதான் தப்பு. அந்த டிக்கெட் காசு போனது போனதுதான்.

கொழும்புக்குப் பெரும்பாலும் ஜெட். மணிக்கு 800 கி.மீ. எளிதாகத் தாண்டும். பலாலிக்குப் போவது ஏடிஆர் 72. இறக்கையில் விசிறி சுற்றும் ரகம், 500 கி.மீ.தான் இழுக்கும். போதாததற்கு, டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமில்லை. நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல் அங்கே போய் நிற்கும் வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்வது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆக, இரண்டு ஊருக்குமே ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி. இணையத்தில் தூரம் 192 என்று காட்டினால் அது கடல் மைல்; 1.852ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கடிகாரம் மாற்றும் வேலை இல்லை, அங்கேயும் நம் நேரம்தான்.

இலங்கைக்குள் நுழைய இணையத்தில் வாங்கும் முன் அனுமதியான ஈடிஏவை முன்பே எடுத்து அச்சிட்டு வைத்திருந்ததால் குடியகல்வு, குடிவரவு எதிலும் சிக்கலில்லை.

சிக்கல் விமானத்தின் படிக்கட்டடியில். கைப்பெட்டி 7 கிலோவுக்குள் இருந்தாலும், சக்கரம் வைத்த பெட்டி ஏடிஆரின் மேல்தட்டில் நுழையாது. அங்கேயே வாங்கி, சீட்டு கட்டி, சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். பவர் பேங்க் சரக்கறைக்குப் போகக்கூடாது. அது பெட்டியின் அடியில், வேட்டிக்கும் சட்டைக்கும் நடுவில் இருந்தால், பின்னால் வரிசை நிற்க, வெயிலில் குத்தவைத்துக் குடைய வேண்டியதுதான். பவர் பேங்க், மாத்திரை, பாஸ்போர்ட் மூன்றும் தோள்பையில் இருக்கட்டும்.

திரும்பும்போது சென்னையில் இறங்குவது பன்னாட்டு முனையமான டி2. குடிவரவு, பெட்டி, சுங்கம் முடித்து உள்நாட்டு முனையமான டி1 அல்லது டி4க்குப் போக வேண்டும். உள்நாட்டு கவுண்டரைப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். அப்படியென்றால் இரண்டு மணி இடைவெளியில் கைக்கு மிஞ்சுவது ஒரு மணிதான். விமானம் 25 நிமிடம் பிந்தியது. பெட்டி வர இன்னும் அரைமணி. போய் நின்றபோது கவுண்டர் மூடி நாலு நிமிடம். "இது வேற பிஎன்ஆர் சார்" என்பதற்கு மேல் பதிலில்லை. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானத்தின் தாமதம் நம் தலையில்தான். நாலு மணி நேரமாவது விடுங்கள்; நவம்பர், டிசம்பர் மழையில் அதுவும் போதாது, மறுநாள் காலைக்குப் போடுங்கள்.

யாழ்ப்பாண மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டியில் இரண்டு பை சுற்றிப் போட்டதால் அரைக்கிலோவும் சிந்தாமல் கோவை வந்து சேர்ந்தது, பஸ்ஸில்.