பேராசிரியர் வோல்மனின் நூறு கற்கள்

புவியியல் பேராசிரியர்களைப் பற்றிய குறிப்புகளில் "ஆய்வு ஆர்வம்: ஆறுகள், வண்டல், நகரமயமாதல்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்து ஆளைத் தெரிந்துகொள்ள முடியாது. எதை எப்படி அளந்தார் என்று பார்த்தால்தான் புரியும்.

'ரெட்ஸ்' என்று எல்லோரும் அழைத்த கார்டன் வோல்மன் (1924–2010), 1958-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறைத் தலைவராகச் சேர்ந்தார். அதற்கு முன்பே, 1954-ல், கல் நிறைந்த ஆற்றுப்படுகையை அளக்க ஒரு முறையை எழுதிவிட்டார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

அள்ளிச் சலித்துப் பார்த்தால் என்ன? 128 மி.மீ. கல் ஒன்றே ஏறக்குறைய 3 கிலோ. அந்த ஒரு கல் மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றால் 300 கிலோ அள்ள வேண்டும். அதனால் வோல்மன் எடையை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார்.

நீர் சலசலத்து ஓடும் ஆழம் குறைந்த பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கரைக்குக் கரை நடங்கள். ஓர் அடி வைத்ததும், முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலணி நுனியில் சுட்டுவிரலை நேராக இறக்குங்கள். முதலில் தட்டுப்படும் கல்தான் உங்கள் கல். அதன் நீளமும் வேண்டாம், தடிமனும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவிலுள்ள அகலத்தை அளந்து எழுதுங்கள். சல்லடைத் துளையில் கல் நுழையுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். இப்படி 100 கல். சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் 50-வது கல்லின் அளவு டி50, 84-வது டி84.

கணக்கு கெடுவது பெரும்பாலும் விரல் நுனியில்தான். கண் பார்த்தால் கை பெரிய, அழகான கல்லுக்குப் போகும். பார்க்காவிட்டாலும், இரண்டு பெரிய கற்களின் இடுக்கில் கிடக்கும் மணலை விரல் தாண்டிவிடும், மணல் தட்டுப்பட்டால் "2 மி.மீ.க்குக் கீழ்" என்று கட்டாயம் எழுத வேண்டும். புதைந்த கல்லைப் பெயர்க்க முடியவில்லை என்று விட்டுவிட்டால் கணக்கு சிறியதன் பக்கம் சாயும். வெளியே தெரிகிற இரண்டு பக்கங்களில் சிறியதை அங்கேயே அளந்துகொள்ளலாம். அடி வைக்கும் தூரம் பெரிய கல்லைவிடக் குறைவாக இருந்தால் ஒரே கல் இருமுறை வரும். மடுவையும் சலசலப்பையும் கலந்து எண்ணினால் கிடைக்கும் டி50 இரண்டுக்கும் பொருந்தாது. மணலே படுகையாக உள்ள பாலாறு போன்ற இடத்தில் இந்த முறைக்கு வேலையே இல்லை, அங்கே சல்லடைதான்.

இந்த எண்ணால் என்ன பயன்? டி50 45 மி.மீ., சரிவு 1000-க்கு 5 என்று வையுங்கள். நீர் ஏறத்தாழ 65–70 செ.மீ. ஆழம் ஓடும்போது படுகை நகரத் தொடங்கும். எப்போதோ வரும் பெருவெள்ளம் தேவையில்லை. 1960-ல் ஜான் மில்லருடன் அவர் எழுதிய கட்டுரையும் இதே பக்கம்தான் நிற்கிறது: அடிக்கடி வரும் நடுத்தர வெள்ளங்களே மொத்தத்தில் அதிக வண்டலைச் சுமக்கின்றன.

1967-ல் எழுதிய கட்டுரையில் அவர் நகரத்து ஓடைகளை எடுத்துக்கொண்டார். மேரிலாந்தில் வயலாக இருந்த நிலம் கட்டுமானத்துக்காகத் திறந்து கிடக்கும் சில ஆண்டுகளில் ஓடைக்கு வரும் வண்டல் பல மடங்கு பெருகுகிறது. வீடுகளும் தார்ச்சாலையும் வந்தபின் வண்டல் குறைந்து நீர் மட்டும் வேகமாக வருவதால், ஓடை தன் கரையையே அரிக்கிறது. வீட்டுமனை போடும் எவரும் படிக்க வேண்டிய கட்டுரை அது.

எனக்கு மிகவும் பிடித்தது 1959-ல் வெளிவந்த, மேரிலாந்தின் வாட்ஸ் பிராஞ்ச் என்ற ஓடை பற்றிய ஆய்வு. கரையில் இரும்புக் கம்பிகளைக் கிடையாக அடித்து வைத்து, எவ்வளவு வெளியே துருத்துகிறது என்று திரும்பத் திரும்ப அளந்தார். கோடையில், காய்ந்து இறுகிய கரையைப் பெரிய வெள்ளம்கூட அதிகம் அசைக்கவில்லை. குளிர்காலத்தில், ஊறி உறைந்து இளகிய கரையை நடுத்தர நீரோட்டமே தின்றுவிட்டது.