கேட்க வேண்டிய கவுன்ட்டர்

டெக்சாஸில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) வரி அலுவலகத்தில் இன்று ஒரு பெரியவர். கையில் வீட்டு மதிப்பீட்டு நோட்டீஸ், தொகையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இதைக் குறைக்கணும்."

அந்தக் கவுன்ட்டரில் அது முடியாது.

4 ஆண்டுக்கு ஒருமுறை நாம் தேர்ந்தெடுக்கும் வரி அதிகாரி பில் போடுவார், பணம் வாங்குவார், வண்டிப் பதிவைப் புதுப்பிப்பார். வீட்டுக்கு மதிப்பு போடுவது 'அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்' என்ற தனி அமைப்பு. ஆட்சேபணையை அங்கேதான் கொடுக்க வேண்டும். மே 15 அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அதற்குள். தவறினால் அந்த ஆண்டுக்கு வழி மிகக் குறுகல்.

கவுண்டியின் வரி விகிதத்தை முடிவு செய்வது யார்?

'கவுண்டி ஜட்ஜ்' என்ற தலைவரும் 4 கமிஷனர்களும் அமரும் 'கமிஷனர்ஸ் கோர்ட்'. பெயர்தான் கோர்ட், பட்ஜெட், சாலை, பாலம் எல்லாம் அங்கே. விகிதத்தை ஓட்டுக்கு விடும் கூட்டத்தில் யாரும் போய்ப் பேசலாம்.

அந்த நாற்காலிகளில் நம் ஆட்களைப் பார்க்க ஆசை.