நியூஸ் ரீலுக்கா இம்புட்டு தூரம்?

அப்பா பிலடெல்பியா வந்து மூன்றாவது வாரம். குளிரில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை பென்சில்வேனியா பல்கலைக்கழக மியூசியத்தில் படம் போடுகிறார்கள், போகலாம் என்றேன்.

"என்ன படம்டா?"

"டாக்குமெண்டரிப்பா."

"நியூஸ் ரீலா? அதுக்கா இம்புட்டு தூரம்?"

திருமங்கலம் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர் அவர். மெயின் படத்துக்கு முன்னால் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படம் கட்டாயம் ஓட்டவேண்டிய காலம். அது முடியும்வரை பாதிக் கூட்டம் வெளியே பீடி பிடித்துக்கொண்டிருக்கும். "பீகார் வெள்ளத்தை முழுசாப் பார்த்தது நான் ஒருத்தன்தான்" என்பார்.

36வது தெருவில் டிராலியை (டிராம் வண்டி) விட்டு இறங்கி நடந்தோம். நுழைந்ததும் எகிப்து மன்னர் இரண்டாம் ராம்சேஸ் பெயர் பொறித்த ஸ்பிங்ஸ் சிலை, பன்னிரண்டரை டன். "தரை தாங்குதா?" என்று கேட்டுவிட்டு அப்பா நகர்ந்துவிட்டார். ஹாரிசன் அரங்குக்குள் போனதும் திரையைப் பார்க்கவில்லை, திரும்பி நின்று புரொஜக்டர் கேபின் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

அன்றைக்கு 'மாட்டோ கிராஸோ'. 1931-இல் இதே மியூசியம் கைகோத்த ஒரு பயணக்குழு பிரேசில் காட்டுப் பக்கம் போய் எடுத்த படம். கேமராக்காரர்களில் ஒருவர் ஃபிளாய்ட் கிராஸ்பி. ஜாகுவார் வேட்டை அது இது என்று சர்க்கஸ் காட்டுவது எனக்கு ஒட்டவில்லை. பின்னணியில் பேசும் ஆங்கிலக் குரலின் மிடுக்கும் எரிச்சல்தான். ஆனால் அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான போரோரோ மக்கள் வந்ததும் படமே வேறாகிவிடுகிறது. கேமரா முன்னால் நின்று தங்கள் மொழியிலேயே பேசுகிறார்கள். ஸ்டுடியோவில் ஒட்டிய குரல் இல்லை, அங்கேயே பிடித்தது.

அப்பா முன்னால் சாய்ந்துவிட்டார். "வாயும் சத்தமும் சரியா நிக்குது பாருடா. காட்டுக்குள்ள கரண்டு ஏது?" பக்கத்து வரிசைப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். நான் அப்பாவின் முழங்காலைத் தட்டினேன்.

படம் முடிந்து கேள்வி பதில் ஆங்கிலத்தில் ஓடியது. எந்த வருஷம் என்று மறுபடி கேட்டார். சொன்னேன்.

"காளிதாஸ் வந்த வருஷம்ல."

ஆமாம், 1931 அக்டோபர். டி.பி. ராஜலட்சுமி திரையில் பாடினார், தமிழ் சினிமா வாய் திறந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. போரோரோக்காரர் குரல் மியூசியக் காப்பகத்தில் தங்கிவிட்டது, இணையத்திலேயே பார்க்கலாம். எங்கள் குரல் போச்சு.

வெளியே வரும்போது கேபின் கண்ணாடியில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தார். லேப்டாப் ஒன்று, காபி டம்ளர் ஒன்று. "புரொஜக்டர் விளக்குக்குக் கார்பன் குச்சி மாத்தற வேலைகூட இல்ல" என்றார், கொஞ்சம் இளப்பமாக.

டிராலியில் ரொம்ப நேரம் பேசவில்லை. பழைய ரீலை எல்லாம் வெள்ளி எடுக்கக் கிலோ கணக்கில் வாங்கிப்போன ஆட்களைப் பற்றி ஏதோ ஆரம்பித்து நிறுத்தினார். அப்புறம் கேட்டார்:

"ரீல் அறுந்தா ரெண்டு மூணு பிரேம் வெட்டி உனக்குக் கொண்டாருவேனே, அந்த பிட்டெல்லாம் எங்கடா?"

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அம்மா கொட்டிவிட்டதைச் சொன்னேன்.

"பாசமலர் பிட்டுகூட இருந்துச்சு" என்றார்.