டர்பனுக்கு சொந்த காரை கொண்டு வந்த அனுபவம்

சவுத் ஆப்பிரிக்காவுக்கு வெளிநாட்டு கார் கொண்டு வரலாமான்னு கேக்கறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க, அதனால ஒரே தடவையா எழுதிடறேன். பழைய காரை இஷ்டத்துக்கு வாங்கி இறக்குறதுக்கு இங்க வழியே கிடையாது. பிரிட்டோரியாவுல ஐடாக்னு ஒரு வர்த்தக ஆணையம் இருக்கு, அவங்க பர்மிட் குடுத்தாத்தான் உண்டு, அந்த பர்மிட்டும் சில கேட்டகரிக்குத்தான். பிஆர் (நிரந்தரமா தங்கற உரிமை) வாங்கி குடியேறுறவங்க, வெளிநாட்டுல இருந்துட்டு திரும்பி வர்ற இந்த ஊர்க்காரங்க, பரம்பரை சொத்தா வந்த கார், மாற்றுத்திறனாளிக்காக மாத்தி அமைச்ச வண்டி, ரேஸ் கார், 40 வருஷத்துக்கு மேல பழசான விண்டேஜ், இப்படி. இதுல எதுலயும் வரலன்னா விட்டுடுங்க.

துறைமுக ஊரான டர்பன்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்க கடுப்பாத்தான் இருக்கும், ஏன்னா கண்ணு முன்னாடியே ஜப்பான் செகண்ட் ஹேண்ட் கார் கப்பல் கப்பலா இறங்குது. யார்டுக்குள்ள போய்ப் பாத்தீங்கன்னா ஹோண்டா ஃபிட், டொயோட்டா விட்ஸ் எல்லாம் ஜப்பான் ஸ்டிக்கரோடவே வரிசையா நிக்கும், கண்ணாடில எழுதியிருக்கற விலையப் பாத்தா வயிறு எரியும். எல்லாம் ஜிம்பாப்வே, ஜாம்பியா பக்கம் போற வண்டிங்க, பாண்ட்ல (இந்த நாட்டு டியூட்டி கட்டாம, கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டுல) நிக்குது, இங்க ரெஜிஸ்டர் பண்ண முடியாது. சில பேர் அதை வாங்கி பக்கத்து நாட்டு நம்பர் பிளேட்ட மாட்டி ஓட்டறாங்க, பிடிபட்டா வண்டி போச்சு, காசும் போச்சு. பக்கத்து வீட்டு அங்கிள் (இங்க குடியேறின தமிழ்க் குடும்பத்துல அஞ்சாவது தலைமுறை, தமிழ் கோயில்ல பாடுறதோட சரி, மத்ததெல்லாம் இங்கிலீஷ்தான்) நான் வந்த புதுசுல சொன்ன மொத அட்வைஸே "தம்பி, அந்த யார்ட் பக்கம் போகாதே"தான். அவர் பையன் பிராஸ்பெக்டன் டொயோட்டா ஃபேக்டரில வேலை பாக்கறான், 2022 ஏப்ரல் வெள்ளத்துல மூழ்கிச்சே அதே ஃபேக்டரி. பழைய காரை தடையில்லாம விட்டா அந்த மாதிரி வேலையெல்லாம் என்னாகும்னு அவர் கேட்டப்போ என்கிட்ட பதில் இல்ல. சட்டத்தோட நோக்கமும் அதுதான், உள்ளூர் கார் தொழிலக் காப்பாத்தறது. எனக்கு சட்டத்து மேல கோவம் இல்ல, பேப்பர் வேலை மேலதான்.

நாங்க யூகேல இருந்து வந்தோம், எனக்கு பிஆர் இருந்துச்சு, வண்டி டொயோட்டா யாரிஸ். நல்லவேளை யூகேலயும் ரைட் ஹேண்ட் டிரைவ். துபாய்ல இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் தன்னோட லேண்ட் க்ரூஸரைக் கொண்டு வரணும்னு ஆசைப்பட்டான், லெஃப்ட் ஹேண்டுக்கு இங்க ரெஜிஸ்ட்ரேஷனே கிடையாதுன்னு சொன்னதும் அந்தப் பேச்சு அதோட நின்னுச்சு.

பெரிய தலைவலி எதுன்னா, கார் என்னோடதுதான்னு காட்டறது. கிளம்பறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 மாசம் வண்டி நம்மகிட்ட சொந்தமா இருந்து, நாமளே ஓட்டியிருக்கணும். வி5சி (யூகேயோட வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்) கைல இருக்கே, அப்புறம் என்னன்னு நெனைப்பீங்க, ஆனா அந்த வி5சிலயே இது ஓனர்ஷிப்புக்கு ஆதாரம் இல்லன்னு பிரிண்ட் பண்ணியிருக்கும்! அதுல இருக்கறது வண்டிய வெச்சிருக்கறவர் பேர்தான். அதுலயும் எங்க வண்டி ஃபைனான்ஸ்ல எடுத்தது, கடைசி தவணை கட்டற வரைக்கும் சட்டப்படி அது கம்பெனியோட வண்டி, அதனால 12 மாசத்த வாங்கின தேதில இருந்து எண்ணாம கடன் முடிஞ்ச தேதில இருந்து எண்ணிப் பாத்துக்கிட்டோம். கடன் அடைஞ்சதுக்கு கம்பெனி லெட்டர், டீலர் பில், என் பேர்ல இருக்கற இன்சூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் ஒண்ணா சேத்து பிஆர் காப்பியோட அனுப்பினேன். வண்டி மனைவி பேர்லயும் பிஆர் புருஷன் பேர்லயும் இருக்கற குடும்பங்க இந்த இடத்துல ரொம்ப யோசிக்கணும்.

இதுக்கு நடுவுல ஒரு ஷிப்பிங் ஏஜென்ட், "கன்டெய்னர்ல இடம் இருக்கு சார், இப்பவே ஏத்திடலாம், பர்மிட் வண்டி கடல்ல இருக்கறப்போ வந்துடும்"னார். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பர்மிட் கைல இல்லாம வண்டிய கப்பல்ல ஏத்தவே கூடாது, துறைமுகத்துல வண்டி மாட்டிக்கிட்டா ஸ்டோரேஜ் சார்ஜ் ஏறிக்கிட்டே போகும், கட்டப் போறது அவரா நானா? முடியாதுன்னுட்டேன், வேற ஆளப் பாத்துக்கிட்டேன். பர்மிட் வந்தப்புறம் என்ஆர்சிஎஸ்னு இங்க இருக்கற தரக்கட்டுப்பாட்டு அமைப்புகிட்ட எல்ஓஏங்கற அனுமதிக் கடிதம் வாங்கினேன், அதுக்கு அவ்வளவு அலைச்சல் இல்ல, அப்புறம்தான் வண்டி கப்பலேறுச்சு.

கஸ்டம்ஸ்ல குடியேறுறவங்களுக்கு 407.04னு ஒரு ரிபேட் (வரிச் சலுகை) இருக்கு, ஒரு குடும்பத்துக்கு ஒரு வண்டி, டியூட்டி கட்ட வேணாம். பதிலுக்கு 20 மாசத்துக்கு விக்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, இரவல் குடுக்கக்கூட கூடாது. தைப்பூசக் காவடிக்கு ஒரு நாள் வண்டி குடுப்பியான்னு அங்கிள் கேட்டாரு, சார்ஸ்காரன் (இந்த ஊர் வரித்துறை) விட மாட்டான் அங்கிள், வேணும்னா நானே ஓட்டிட்டு வரேன்னு சொல்லி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

வண்டி வெளிய வந்தும் முடியல. போலீஸ் கிளியரன்ஸ்ல சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் பேப்பரோட ஒத்துப் பாப்பாங்க. வண்டிய அடையாளம் காட்டற மைக்ரோடாட் வேற அடிக்கணும், பாக்க ஏதோ கோந்து தெளிச்ச மாதிரி இருக்கு, ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் நம்பர் இருக்காம், யூவி லைட் அடிச்சா மினுக்குது, என் பொண்ணு அதை மறுபடி மறுபடி அடிக்கச் சொல்லி அந்த ஆளப் படுத்திட்டா. அப்புறம் ரோட்வொர்தி (வண்டி ரோட்ல ஓடத் தகுதியான்னு பாக்கற டெஸ்ட்), அது முடிஞ்சு லைசென்ஸ் ஆபீஸ்ல கியூ, அங்க சிஸ்டம் ஆஃப்லைன்னு ஒரு நாள் திருப்பி அனுப்பினாங்க, அதெல்லாம் நம்ம ஆர்டிஓ பாத்தவங்களுக்குப் புதுசில்ல.

ஸ்பீடோமீட்டர்தான் இன்னும் பழகல. மெயின் நம்பர் மைல்ல இருக்கு, கிலோமீட்டர் உள்ள பொடி எழுத்துல, என்3 ஹைவேல போறப்போ 120 எங்கன்னு தேட வேண்டியிருக்கு. டிஸ்ப்ளேல கிலோமீட்டருக்கு மாத்திக்கற வசதி இருக்கறதால தப்பிச்சேன்.

செலவு எவ்வளவாச்சுன்னு கேக்காதீங்க, ஷிப்பிங், ஏஜென்ட் எல்லாம் கூட்டிப் பாத்தா இதே வயசு யாரிஸ இங்க வாங்கறத விட பெருசா லாபம் ஒண்ணுமில்ல. கடன் இல்லாத, ஒழுங்கா ஓடற, பேப்பர் சுத்தமா இருக்கற வண்டின்னா மட்டும் கொண்டு வாங்க. அப்புறம் என் வண்டிய விலைக்குக் கேட்டு மெசேஜ் பண்ற புண்ணியவான்களே, 20 மாசம் இன்னும் முடியல, விக்கறேன்னு நான் வெளிய சொல்றதே தப்பு.