பசுவுக்காக ஊரை விட்டவர் வெட்டிய குளம்

எங்கள் ஊர் திருநெல்வேலி. நல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. போர்த்துக்கேயர் காலத்தில் அதிகாரிகளின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு கொடுக்க வேண்டியிருந்ததாம். விடிந்தால் ஞானப்பிரகாசர் வீட்டு முறை. கொடுக்க மனமில்லாமல் அவர் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போய்விட்டார். கௌட தேசம் (வங்காளப் பக்கம்) வரை போய் வடமொழி கற்று, கடைசியில் துறவியாகச் சிதம்பரத்தில் தங்கி ஒரு குளம் வெட்டினார். பெரியம்மா இதைச் சொல்லாத மார்கழி இல்லை. "அந்தக் குளத்தில ஒருக்கா கால் நனைக்க வேணும் பிள்ளை" என்று கதையை முடிப்பார்.

சென்ற பங்குனியில் அது கைகூடியது. காங்கேசன்துறையில் கப்பல் ஏறினால் நாலு மணித்தியாலம் அளவில் நாகபட்டினம். முன்பு இதற்குக் கொழும்புக்கும் சென்னைக்கும் அலைய வேண்டும். அங்கிருந்து கார் பிடித்தோம். சீர்காழி தாண்டிக் கொள்ளிடம் பாலம் வந்ததுமே பெரியம்மா கை கூப்பிவிட்டார். அப்புறம் கோபுரம் தெரியும் வரை கையை இறக்கவில்லை.

விடியற்காலையே கோயிலுக்குப் போய்விட்டோம். கனகசபையில் ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் முடிந்ததும் ரத்தினசபாபதியை எழுந்தருளச் செய்தார்கள். மாணிக்கத்தால் ஆன சிறிய நடராசர். முன்னால் தீபம் காட்டும்போது இருண்ட சிவப்பாகத்தான் தெரிந்தார். பிறகு தீட்சிதர் கற்பூரத் தட்டைத் திருமேனியின் பின்னால் கொண்டுபோனார். உள்ளே யாரோ விளக்கேற்றியது போல, தூக்கிய திருவடி முதல் சடை வரை மாதுளை முத்து நிறத்தில் ஒளிர்ந்தது. சில விநாடிதான். கூட்டம் முழுதும் "சிவ சிவா" என்றது. எனக்குக் குரல் வரவில்லை.

சிதம்பர ரகசியத்தின் திரை விலகியபோது பொன் வில்வ மாலைகள் மட்டும் தொங்கின. வெறும் வெளி. பெரியம்மா தேவாரம் பாடத் தொடங்கினார், பாதியில் குரல் தழுதழுத்தது. எங்கள் கோயில்களில் ஒவ்வொரு பூசையிலும் தேவாரம் முதல் பெரியபுராணம் வரை ஐந்து பாடல்களாகப் பஞ்சபுராணம் ஓதுகிறோமே, அந்தத் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்து, ராசராச சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பியால் மீண்டது இந்தக் கோயிலில்தான் என்பது மரபு. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியதும் இதே ஊரில்தான். தில்லை எங்களுக்கு அந்நிய ஊரே இல்லை.

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். ராசேந்திரன் கங்கை வரை படை அனுப்பி வென்ற பிறகு எழுப்பிய தலைநகரம், சுமார் 250 ஆண்டுகள் சோழர் இருந்து ஆண்ட ஊர். கோயில் விமானம் 50 மீற்றருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. சண்டேசருக்குச் சிவபெருமான் தம் கையாலேயே மாலை சூட்டும் சிற்பத்தின் முன் வெகுநேரம் நின்றோம். தலை குனிந்து கைகூப்பி இருக்கும் அந்தப் பிள்ளையின் பணிவைப் பார்க்கவே இன்னொரு முறை வரலாம். கொஞ்சத் தூரத்தில் மாளிகைமேடு. அரண்மனை இருந்த இடத்தில் தோண்டி எடுத்த செங்கல் அடித்தளம்தான் மிச்சம். கோயில் மதிலின் கருங்கற்களைக்கூட 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் பழைய நல்லூர்க் கோயில் இடிபட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைக் கேட்கும்போது மனம் கனக்கும்.

பின்னேரம் சிதம்பரம் திரும்பி ஓட்டோ பிடித்தோம். எங்கே போக வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டார்.

"ஞானப்பிரகாசர் வெட்டின குளம்."

"ஞானப்பிரகாசம் குளமா? தெப்பம் விடுற குளம்தானே, ஏறுங்கம்மா."

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவர் எங்கட ஊர் ஆள் தம்பி" என்று தொடங்கி, பசுவின் கதையை வழி முழுதும் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தத் தம்பி ஓட்டோவை நிறுத்திய பிறகும் இறங்காமல் முழுக்கக் கேட்டார். படியில் பெரியம்மா தடுமாறாமல் இருக்கத் தானே முன்னால் இறங்கிக் கை கொடுத்தார்.

பெரியம்மா குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.