சௌக்க காலத்தில் ஒரு மண்டபம்

எங்கள் கர்நாடக சங்கீத டீச்சர் எங்களை ஒருநாளும் வேகமாகப் பாட விட்டதில்லை. எப்போதும் சௌக்க காலம், அதாவது மெதுவான காலம்தான். எட்டு வயதில் சரளி வரிசை தொடங்கியபோதும் சரி, பதினேழு வயதில் நான் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிய வாரம் கற்றுக்கொண்ட கடைசிக் கிருதியிலும் சரி, தொடையில் விழும் அவர் கை ஒரே நிதானத்தில்தான் விழும். "எங்கே ஓடறே? பாட்டு எங்கேயும் போயிடாது" என்பார். மற்ற வகுப்புப் பிள்ளைகள் போட்டிகளில் கல்பனாஸ்வரத்தை, அதாவது அந்தந்த நேரக் கற்பனையில் பாடும் ஸ்வரங்களைப், பொரிந்து தள்ளிப் பரிசு வாங்கி வருவார்கள். நாங்கள் யதுகுலகாம்போதி ராகத்தில் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்திருப்போம்.

பின்னாளில் டீச்சர் காலமானார். முதலாண்டு நினைவாகச் சிங்கப்பூரில் ஒரு அஞ்சலிக் கச்சேரி வைக்கலாம் என்று மூத்த மாணவி ஒருவர் தொடங்கிவைத்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். மாணவிகள் இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். நான் கோயம்புத்தூரில். "எந்த ஹால் அக்கா?" என்று போனில் கேட்டேன். "விக்டோரியா" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. எங்கள் வகுப்பில் படித்த யாருக்கும் காரணம் தெரியும்.

1958 செப்டம்பர் 6-ஆம் தேதி. டீச்சருக்கு அப்போது பதினான்கு வயது. புதுப்பித்த விக்டோரியா தியேட்டரை மறுபடி திறக்கும் நிகழ்ச்சிக்கு அப்பா அவரை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். சிங்கப்பூர் நகர மன்றம் கேட்டுக்கொண்டதால் சுபிர் சைட் இசையமைத்த 'மஜுலா சிங்கப்பூரா' அந்த மேடையில்தான் முதன்முதலாகப் பாடப்பட்டது. அடுத்த ஆண்டே அது நாட்டின் வாழ்த்துப் பாடல் ஆயிற்று. "அன்னிக்கு அது வெறும் ஹால் திறப்புப் பாட்டுதான். எழுந்து நிக்கணும்னு யாருக்கும் தெரியாது" என்று டீச்சர் சொல்லும்போது முகத்தில் அந்தப் பதினான்கு வயது வந்துவிடும். ஒரு கட்டடத்தை மறுபடி திறந்த இரவு அவருக்குள் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒலித்துக்கொண்டிருந்தது. 2010-ல் அதே கட்டடத்தை மறுபடி மூடினார்கள். நான்கு ஆண்டு வேலை. 2014 ஜூலையில் திறந்தபோது டீச்சர் இல்லை.

நவம்பரில் போய் இறங்கினேன். மிருதங்க வித்வானும் என்னோடு அதே விமானத்தில் வந்தார். டீச்சர் ஊருக்கு வரும்போதெல்லாம் அவருக்கு வாசித்தவர். நாங்கள் சார் என்போம். பஞ்சு வைத்த பெட்டியில் இரண்டு மிருதங்கம். தம்புரா கொண்டுவரவில்லை. பலாமரக் குடம், ஒரு தட்டு தட்டினால் விரிசல் விழுந்துவிடும். டீச்சரின் பழைய தோழி ஒருவர் தன் வீட்டுத் தஞ்சாவூர்த் தம்புராவைத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி, கவனா பாலத்தின் வழியாக நடந்தேன். பாலத்தின் முனையில் பழைய அறிவிப்புப் பலகை அப்படியே இருக்கிறது: மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேல் எடையுள்ள வண்டிகளும் ஆடுமாடு குதிரைகளும் போகக் கூடாது. நம் கணக்கில் சுமார் 150 கிலோ. சிறுவயதில் அப்பா அதைப் படித்துக் காட்டுவார். பாலம் தாண்டியதும் டல்ஹவுசி நினைவுத்தூண். 1850-ல் டல்ஹவுசி பிரபு வந்துபோனதற்காக நட்டது, அதன் ஒரு முகத்தில் தமிழ் வெட்டியிருக்கிறார்கள். அவசரம் எவ்வளவு இருந்தாலும் நின்று ஒரு வரி படிக்காமல் அந்த இடத்தைக் கடக்க என்னால் முடியாது.

அதற்கு எதிரில் மண்டபம்.

மண்டபம் என்று ஒருமையில் சொன்னாலும் அவை இரண்டு கட்டடங்கள். 1862-ல் முடிந்த டவுன் ஹால் ஒன்று. விக்டோரியா மகாராணி இறந்த பிறகு அவர் நினைவாக அதன் பக்கத்திலேயே எழுப்பி 1905 அக்டோபரில் திறந்த நினைவு மண்டபம் மற்றொன்று. நடுவில் 54 மீட்டர் மணிக்கூண்டு. டவுன் ஹாலைப் பிறகு தியேட்டராக மாற்றினார்கள். நினைவு மண்டபம்தான் இன்றைய கச்சேரி அரங்கம். போர்க்காலத்தில் இது மருத்துவமனையாக இருந்தது. போர் முடிந்ததும் ஜப்பானியப் போர்க்குற்ற வழக்குகள் இங்கேதான் நடந்தன. 1954-ல் மக்கள் செயல் கட்சியின் தொடக்கக் கூட்டம் இங்கே. எஸ்பிளனேட் கலையரங்கம் 2002-ல் வரும்வரை சிங்கப்பூர் சிம்பொனிக்கு இது வீடு. சுவர்கள் எத்தனை விதமான குரல்களைக் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

தியேட்டர்ப் பக்கத்துச் சுவர் ஒன்று என்னைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்திவிட்டது. பழைய நாற்காலிகளைத் தூக்கி எறியாமல் அவற்றின் வார்ப்பிரும்புச் சட்டங்களையும் மரப் பலகைகளையும் சுவரில் பதித்திருக்கிறார்கள். முதுகு பட்டு, கை பட்டு வழவழத்துப் போன மரம். இவற்றில் ஒன்றில் 1958-ல் டீச்சர் உட்கார்ந்திருப்பாரோ என்று ஒரு நினைப்பு. நாற்காலிகள் அத்தனை பழையனவா என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒரு பலகையை உள்ளங்கையால் தொட்டுவிட்டு நகர்ந்தேன்.

நடனம் இல்லை, வெறும் பாட்டுதான் என்பதால் நாங்கள் எடுத்திருந்தது கச்சேரி அரங்கம். 673 இருக்கை. முன்பு இருநூறுக்கும் மேல் கூடுதலாக இருந்தன. பால்கனியைச் சுருக்கி ஒலிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் ஆர்கன் குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முன் ஜமுக்காளம் விரித்துத் தரையில் உட்கார்ந்தபோது நாங்கள் மிகவும் சின்னவர்களாகிவிட்டோம்.

ஒத்திகைக்கு எங்களிடம் நிகழ்ச்சிநிரல் தயாராக இருந்தது. விறுவிறுப்பாக வர்ணம், ஐந்து கிருதி, ராகம் தானம் பல்லவி, தனி ஆவர்த்தனம், துக்கடாக்கள். நடுநடுவே ஏழு பேருடைய நினைவுரை. சபாவில் பழகியபடி ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு மானிட்டர் ஸ்பீக்கர் கேட்டிருந்தோம்.

முதல் வர்ணத்தின் இரண்டாம் காலத்திலேயே, அதாவது இரட்டை வேகத்திலேயே, எனக்குப் புரிந்துவிட்டது. நான் பாடிய ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. சாருடைய மிருதங்கச் சொற்கட்டு விரலிலிருந்து தனித்தனியாகப் பிறந்து, அரங்கத்தின் பின்சுவரைத் தொட்டுத் திரும்பும்போது ஒரே மொத்தையாக வந்தது. வால்யூமைக் கூட்டச் சொன்னோம். இன்னும் மோசம்.

ஒலி பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் சீனர், நம் சங்கீதம் அவருக்குப் புதிது. எல்லா மைக்கையும் அணைத்துவிட்டு மேடைக்கு வந்தார். நடு மேடையில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினார். அப்புறம் விரலை உயர்த்தி எங்களைக் கேட்கச் சொன்னார். தட்டல் நின்ற பிறகும் சத்தம் மேலே போய், பால்கனியைச் சுற்றி, ஆர்கன் குழாய்களிடம் வந்து, ஆறி அடங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். "இது வயலினும் செல்லோவும் சேர்ந்து நீட்டி வாசிப்பதற்காகக் கட்டியது. அறை முடிக்கும்வரை நீங்கள் காத்திருந்தால் அது உங்களோடு பாடும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கே ஓடறே.

மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கான அரங்கில் இந்த நீட்டிப்பு ஒரு சொத்து. நாதங்கள் ஒன்றோடொன்று கலந்து செழிப்பாகும். நம் மிருதங்கத்துக்கோ ஒவ்வொரு சொல்லும் விளிம்பு கெடாமல் விழ வேண்டும். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் வேக கமகத்துக்கும் அப்படித்தான். ஒலிபெருக்கியை ஏற்ற ஏற்ற எதிரொலியும் சேர்ந்தே ஏறும். நாம் சபாவுக்குச் சபா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோமே தவிர, உட்காரும் இடத்தின் குணத்தைக் கேட்கிற பழக்கத்தை விட்டுவிட்டோம் என்றே நினைக்கிறேன். கல் மண்டபத்தில் பாடிய பழைய தலைமுறைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கோயில் மண்டபத்தில் பாடியவர். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அன்று மத்தியானம், முப்பத்துநான்கு வயதில், ஒரு சிம்பொனி அரங்கத்தில் விளங்கியது.

நிரலைக் கலைத்தோம். வர்ணம் ஒரே காலம். ஐந்து கிருதி மூன்றானது. ராகம் தானம் பல்லவி வேண்டாம். ஏழு உரைக்குப் பதில் ஒன்று, அதுவும் அக்கா மட்டும், ஐந்து நிமிஷம். பேச ஒப்புக்கொண்டிருந்தவர்களை அன்று மாலையே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஒருவர் மட்டும் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானதுதான், ஆனாலும் எங்கள் முடிவு சரியென்றே இன்றும் நம்புகிறேன். அஞ்சலிக் கச்சேரிகளில் பாட்டைவிடப் பாராட்டு நீண்டுபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டீச்சர் அப்படிப்பட்ட மேடைகளில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

மானிட்டர்கள் கீழே இறங்கின. பாடுபவருக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு மைக்கே இல்லை என்று முடிவானது. சார் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். நாற்பது வருஷ மேடை அனுபவம் உள்ளவரிடம் இதைக் கேட்பது லேசல்ல. பிறகு, "உங்க டீச்சருக்கு முதல்ல வாசிச்சப்போ மைக் ஏதும்மா?" என்று சொல்லிவிட்டு இன்னொரு ஜமுக்காளத்தை மடித்து மிருதங்கத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கச்சேரி அன்று மத்தியானத்திலிருந்தே மழை. வெளியே ஈரம் சொட்டும் காற்று, உள்ளே ஏசி. தோலுக்கு இந்த மாற்றம் ஆகாது. ஈரத்தில் தளர்ந்த வலப்பக்கத் தோலான வலந்தலை, குளிர்ந்த வறண்ட காற்றில் இறுகிச் சுருதி ஏறிவிடும். சார் மூன்று மணி நேரம் முன்பே வந்து மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தேக்காச் சந்தையில் வாங்கிய ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியின் நடுவில் அப்பி, கட்டைவிரலால் ஓரத்தை வழித்து வட்டமாக்கினார். ஒரு தட்டு, காதைச் சாய்த்துக் கேட்பது, சிட்டிகை ரவை எடுப்பது, இன்னொரு தட்டு. அப்புறம் வலந்தலையைத் திருப்பி, கல்லும் புள் என்னும் சிறு மரக்கட்டையும் வைத்துப் பின்னல் ஓரமாக மேலும் கீழும் தட்டிக் கண் கண்ணாகச் சேர்த்தார். அந்த மெலிந்த டக் டக் ஓசைகூட அரங்கம் முழுக்க நடந்து போயிற்று.

தம்புராவை நாலரைக் கட்டைக்குச் சேர்த்தேன். டீச்சரின் சுருதி. தந்திக்கு அடியில் ஜீவா நூலை ஒரு நூலிழை நகர்த்தியதும் நாதம் விரிந்தது. அதற்கு மைக் தேவைப்படவில்லை.

முதலில் பிள்ளைகள் பாடினார்கள். டீச்சர் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த ஒன்பது பேர், மூத்ததற்குப் பன்னிரண்டு வயது. அவர் எல்லோருக்கும் ஆரம்பத்தில் கற்றுத்தரும் நோட்டுஸ்வரம், 'சந்ததம் பாஹிமாம்'. கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டிலேயே சங்கீத சியாமளையைத் துதித்துச் செய்த உருப்படி. மகாராணியின் பெயர் தாங்கிய மண்டபத்தில் அந்த மெட்டு இதற்குமுன் எத்தனை முறை எழுந்திருக்கும்! அன்று சமஸ்கிருதச் சாகித்தியத்தோடு, பாவாடை கட்டிய ஒன்பது குழந்தைகளின் வாயிலிருந்து எழுந்தது. மெட்டைத் தெரிந்துகொண்ட முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் வரிக்கு வரி நிறுத்திப் பாடினார்கள். ஒவ்வொரு வரியும் மேலே போய் ஆறிய பிறகே அடுத்தது புறப்பட்டது.

அப்புறம் நாங்கள். யதுகுலகாம்போதி கிருதிக்கு வந்தபோது ஆட்கள் நிறைந்த அரங்கம் ஒத்திகை நாளைவிடக் கொஞ்சம் அடங்கியிருந்தது, உடம்பும் உடையும் ஒலியைக் குடித்துவிடும் அல்லவா. அந்த ஒரு மாதம் பிடித்துப் பாடிய வரியை எடுத்தேன். டீச்சரின் காலப்பிரமாணம், அதே நிதானம். ரிஷபத்தில் நின்று மெதுவாக இறங்க இறங்க, விட்ட ஸ்வரம் பின்னாலேயே வந்து தோளைத் தொடுவதுபோல் இருந்தது. சார் இரண்டு சொல் வாசிக்கும் இடத்தில் ஒன்று வாசித்தார். தொப்பியிலிருந்து ஒரு தொம் புறப்பட்டுப் போய், காலியான இடத்தை நிரப்பி, தாளத்தின் தொடக்கமான சமத்துக்குத் திரும்பி வந்தது. தனி ஆவர்த்தனத்திலும் அவர் வேகத்துக்குப் போகவே இல்லை. முடிப்பாக வரும் கடைசி மோராவுக்குக் கைதட்டல் உடனே எழவில்லை. நாதம் அடங்கட்டும் என்று அறுநூறு பேர் காத்திருந்தார்கள்.

முடிந்து வெளியே வந்தால் மழை விட்டிருந்தது. கவனா பாலத்து விளக்குகள் ஆற்றில் ஆடின. யாரும் அதிகம் பேசவில்லை. அக்கா மட்டும் சாருக்கு நமஸ்காரம் செய்துவிட்டு அழுதார்.

மறுநாள் காலை தம்புராவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டீச்சரின் தோழிக்கு எழுபது வயது. உறையைக் கழற்றி வழக்கமான மூலையில் சாய்த்து வைத்தார். எடுத்து வைக்கும்போது தந்தியைத் தளர்த்துவது முறை என்பதால் நான் தந்தியை முறுக்கும் பிருடையில் கை வைத்தேன்.

"இருக்கட்டும்மா. அவ சுருதியிலேதானே இருக்கு? ரெண்டு நாள் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தம்புராவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்கு தந்தியையும் ஒரு முறை மீட்டினார்.